லண்டன்ல நாடகக் கொட்டகையையே பிரிச்சு எடுத்துட்டுப் போன கதை உண்மையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பென்னாகரம்_அர்ச்சுனன்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் பென்னாகரம் பக்கம். அப்பா காலத்துல இருந்து கூத்து செட்டு நடத்துறோம். பங்குனியில ஆரம்பிச்சா ஆடி, ஆவணி வரைக்கும் பாரதம், படுகளம்னு ஊர் ஊரா போவோம். மத்த மாசத்துல பாதிப் பேர் பெங்களூருல சென்ட்ரிங் வேலை, மீதிப் பேர் ராகி அறுப்பு, செங்கச் சூளை.

எங்களுக்கு ரோட்டோரம் ஒரு கொட்டகை இருக்கு. நிலம் வேற ஒருத்தரோடது. இடத்துக்கு மட்டும் வருஷ வாடகை கொடுத்துட்டு வர்றோம். மேல இருக்கிறது பூரா நாங்க போட்டது. பாட்டன் வீட்டை இடிச்சப்போ எடுத்த வேப்பமரத் தூண், வேங்கை உத்திரம், மேல தகரம், கீழ சிமெண்டுத் தரை. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் வச்சிருக்கிற பெட்டிங்க எல்லாம் அங்கதான் இருக்கு. சின்னப் பசங்களுக்கு அடவு சொல்லித் தர்றதும் அங்கதான். கட்டையெல்லாம் கல்யாண முருங்கையில செஞ்சு கண்ணாடிச் சில்லு ஒட்டினது. ஒரு மழையில ஊறினாப் போதும், அத்தனையும் உதிர்ந்து போயிடும். அந்தக் கூரை இல்லாம செட்டு இல்லைங்க.

நிலத்துக்காரர் தவறிட்டார். இப்ப அவர் பிள்ளைங்க, "இந்த வருஷத்தோட காலி பண்ணிக்குங்க, கொட்டகை அப்படியே இருக்கட்டும், ஒரு தூணையும் தொடக்கூடாது"ன்றாங்க.

முகவீணை வாசிக்கிற மாமாவோட பொண்ணு கிருஷ்ணகிரியில இங்கிலீஷ் இலக்கியம் படிக்குது. அது ஒண்ணு சொல்லிச்சு. ஷேக்ஸ்பியர் காலத்துல லண்டன்ல இதே மாதிரி நிலத்தகராறு வந்து, நாடகக்காரங்களே கொட்டகையைப் பிரிச்சு, ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு போய்க் கட்டிட்டாங்களாம். நிஜமா நடந்ததா? கொட்டகை யாருக்குச் சொந்தமா இருந்தது? நிலத்துக்காரர் கேஸ் போட்டாரா, போட்டிருந்தா யார் ஜெயிச்சாங்க? செட்டுல எல்லாரும் இதைப் பத்தியே பேசிட்டிருக்கோம். விவரமாச் சொன்னா நல்லாருக்கும்.

ஊத்தங்கரை_டீச்சர்:

தம்பி, அந்தப் பொண்ணு சொன்னது நடந்த விஷயம்தான். தேதியே இருக்கு: 1598 டிசம்பர் 28. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவ. ஷேக்ஸ்பியர் பாடம் வர்ற வருஷமெல்லாம் பிள்ளைங்களுக்கு முதல்ல இந்தக் கொட்டகைக் கதையத்தான் சொல்வேன். அந்த நாடகங்களை ஆடினவங்க எப்படிப் பொழைச்சாங்க, எங்க தூங்கினாங்க, யார்கிட்ட கடன் வாங்கினாங்கன்றதுல எனக்கு அவ்வளவு பிடிப்பு. பொறுமையாப் படிங்க, நீளமா இருக்கும்.

அந்தக் கொட்டகைக்குப் பேரே 'தி தியேட்டர்'. 1576ல கட்டினது. இடம், லண்டன் மதிலுக்கு வெளியே வடக்குப் பக்கம் ஷோர்டிட்ச். ஹாலிவெல்னு ஒரு பழைய கன்னிமாடம் இருந்து கலைக்கப்பட்ட நிலம். கட்டினவர் ஜேம்ஸ் பர்பேஜ். தொழில்ல தச்சர், அப்புறம் நடிகரானவர், லெஸ்டர் பிரபுவோட குழுவுல முக்கியமான ஆள். பிரபு பேரு எதுக்குன்னா, 1572ல அங்க ஒரு சட்டம் போட்டாங்க. ஊர் சுத்துற நாடகக்காரன் யாராவது ஒரு பிரபுவோட ஆளா இல்லைன்னா அவன் நாடோடி. பிடிச்சு சவுக்கால அடிச்சு, காதுல சூடு போட்டுத் துளைக்கலாம். அப்படிப்பட்ட நாள்ல ஒரு நடிகர் கடன் வாங்கி நாடகத்துக்குன்னே கட்டடம் எழுப்பறார்னா அந்தத் துணிச்சலை நினைச்சுப் பாருங்க.

மதிலுக்கு வெளியே போனதுக்கும் காரணம் இருக்கு. லண்டன் நகர நிர்வாகத்துக்கு நாடகம்னாலே ஆகாது. கூட்டம் சேரும், கொள்ளைநோய் பரவும், வேலைக்காரப் பசங்க வேலையை விட்டுட்டு ஓடிப்போவாங்கன்னு புகார். அவங்க அதிகாரம் எட்டாத இடமாப் பார்த்துப் போட்டார்.

பணம் போட்டது பர்பேஜோட மச்சான் ஜான் பிரெய்ன், மளிகைக் கடைக்காரர். 1567லயே வைட்சேப்பல் பக்கம் ரெட் லயன்னு ஒரு பண்ணையில மேடை போட்டு ஆட்டம் நடத்தப் பார்த்தவர். அந்த மேடையோட அளவு நமக்குத் தெரியும். 40 அடி நீளம், 30 அடி அகலம், 5 அடி உயரம். எப்படித் தெரியும்னா, தச்சர்களோட தகராறாகி கோர்ட்டுக்குப் போச்சு, அந்தக் காகிதம் தப்பிச்சு வந்திருக்கு. இந்தக் கொட்டகைங்களைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல முக்கால்வாசி இப்படிக் கேஸ் கட்டுல இருந்து வந்ததுதான்.

இனி உங்க கேள்வி. நிலம் கைல்ஸ் ஆலன்றவரோடது. 1576 ஏப்ரல் 13ல குத்தகைப் பத்திரம். 21 வருஷம், வருஷத்துக்கு 14 பவுண்டு. அந்தப் பத்திரத்துல ஒரு ஷரத்து எழுதி வாங்கினார் பர்பேஜ். அங்க ஏற்கெனவே இருந்த பழைய வீடுகளைப் பழுது பார்க்க முதல் 10 வருஷத்துல 200 பவுண்டு செலவு பண்ணினா, குத்தகையைப் புதுப்பிச்சுக்கலாம், தான் கட்டின கொட்டகையைப் பிரிச்சு எடுத்துக்கவும் செய்யலாம். இந்த ஒரு வரிதான் பின்னாடி அத்தனை பேரையும் காப்பாத்துச்சு.

1585ல பர்பேஜ் புதுப் பத்திரம் எழுதிக் கொண்டு போய் நீட்டினார். ஆலன் கையெழுத்துப் போடலை. நீ சரியாப் பழுது பாக்கலைன்னுட்டார். 1597 வசந்தத்துல குத்தகை முடிஞ்சது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பர்பேஜும் செத்துட்டார். முந்தின வருஷம்தான் 600 பவுண்டு போட்டு ஊருக்குள்ள பிளாக்ஃபிரையர்ஸ்ல கூரை போட்ட மண்டபம் ஒண்ணு வாங்கி வச்சிருந்தார். அந்தத் தெருவுல குடியிருந்த பெரிய மனுஷங்க, மேளதாளமும் கூட்டமும் எங்களுக்கு வேணாம்னு மனு போட்டு நிறுத்திட்டாங்க. ஆக மகன்கள் கத்பர்ட், ரிச்சர்ட் ரெண்டு பேர் கையிலயும் ஆட முடியாத ஒரு மண்டபம், குத்தகை முடிஞ்ச ஒரு கொட்டகை, அப்பா வச்சுட்டுப் போன கடன்.

ஆலன் வாடகையை 24 பவுண்டா ஏத்தினார். அதுலயும் அஞ்சு வருஷம்தான் நாடகம், அதுக்கப்புறம் வேற உபயோகம்னார். பேச்சுவார்த்தை இழுத்துட்டே போச்சு. கடைசியில, கொட்டகையை நானே பிரிச்சு மரத்தை வேற நல்ல காரியத்துக்குப் பயன்படுத்திக்கப் போறேன்னு அவர் முடிவு பண்ணியிருந்தார். இது அவரே கோர்ட்ல சொன்னது.

அவர் எஸெக்ஸ்ல இருக்கிற சொந்த ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கிறிஸ்துமஸ் முடிஞ்ச மூணாம் நாள், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பீட்டர் ஸ்ட்ரீட்ன்ற தச்சு மேஸ்திரியையும் ஒரு பத்துப் பன்னெண்டு ஆளையும் கூட்டிட்டு வந்து பிரிக்க ஆரம்பிச்சாங்க. கத்தி, குத்துவாள், கோடாலியோட வந்தாங்க, தடுக்க வந்த என் ஆட்களை மிரட்டினாங்கன்னு ஆலன் பின்னாடி புகார் எழுதினார். எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சியம் ஒண்ணு உண்டு. ஜேம்ஸ் பர்பேஜோட மனைவி எலன் அங்கயே நின்னு எல்லாத்தையும் பார்த்து சந்தோஷப்பட்டுட்டு இருந்தாங்களாம். புருஷன் செத்து ரெண்டு வருஷம் முழுசா ஆகலை. அவர் எழுப்பின கட்டடம் ஒவ்வொரு உத்திரமா இறங்குது, அந்தம்மா நின்னு பார்த்துட்டு இருக்காங்க. வகுப்புல இதைச் சொல்றப்போ எனக்கு எப்பவும் தொண்டை அடைக்கும்.

உறைஞ்சு போன தேம்ஸ் மேல மரத்தை இழுத்துட்டுப் போனாங்கன்னு ஒரு கதை சுத்துது. அதை விட்டுடுங்க. ஸ்ட்ரீட்டோட மரக்கிடங்கு ஆத்துக்கு இந்தப் பக்கம், பிரைடுவெல் கிட்ட இருந்தது. மரத்தை அங்க அடுக்கி வச்சுட்டு, குளிர் விட்டதும் ஆத்தைக் கடத்தித் தெற்குக் கரையில பேங்க்சைடுக்குக் கொண்டு போயிருக்காங்கன்றதுதான் பொருந்தி வருது. அங்க 1599ல எழும்பின புதுக் கொட்டகைதான் குளோப்.

ஆலன் சும்மா இருக்கலை. 800 பவுண்டு நஷ்டஈடு கேட்டார். கொட்டகைக்கு 700, அதுபோக அவங்க மிதிச்ச புல்லுக்கு மட்டும் 40 ஷில்லிங். ஒரு கோர்ட்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏறி, 1602 வரைக்கும் இழுத்தார். தோத்துட்டார்.

அதியமான்_நாட்டான்:

டீச்சர் சொன்னது நல்ல தகவல். ஆனா எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கூத்து தெருவுல பிறந்தது. ரெண்டு பேர் திரை பிடிச்சா அதுதான் மேடை. அர்ச்சுனன் தபசுக்கு மரம் நட்டா அதுதான் கைலாசம். படுகளத்துக்கு ஊர் மந்தையில மண்ணைக் குழைச்சுத் துரியோதனனைப் படுக்க வைக்கிறோம், அதுக்கு எந்தக் கொட்டகை வேணும்? லண்டன்காரங்க கட்டடம் நின்னது ஷேக்ஸ்பியர் எழுதினதால. அந்த மேதை இல்லைன்னா இந்தக் கைல்ஸ் ஆலன் பேரெல்லாம் நமக்கு எதுக்குத் தெரியப் போகுது?

ஊத்தங்கரை_டீச்சர்:

நாட்டான் சார், தெருவுல ஆடறதுல ஒரு குறையும் இல்லை. பாரதம் மந்தையில நடக்கணும், அங்கதான் நடக்கணும். தம்பி கேட்கிறது ஆடற இடம் பத்தி இல்ல. மிச்ச மாசம் கட்டை நனையாம இருக்கவும், பசங்க கத்துக்கவும் ஒரு கூரை.

ஷேக்ஸ்பியரால கொட்டகை நின்னதுன்றதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். தியேட்டர் கட்டின வருஷம் அவருக்கு வயசு 12. ஸ்ட்ராட்ஃபர்ட்ல பள்ளிக்கூடம் போயிட்டிருந்த வயசு. அவர் லண்டன் வந்து சேர்ந்தப்போ ஷோர்டிட்ச்ல தியேட்டரும், கூப்பிடு தூரத்துல 1577ல வந்த கர்ட்டனும், ஆத்துக்குத் தெற்கே ஹென்ஸ்லோ 1587ல போட்ட ரோஸும் ஓடிட்டிருந்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் புதுசு புதுசா நாடகம் கேட்கிற கூட்டம் அங்க காத்துட்டிருந்தது. அந்தப் பசி இல்லைன்னா அவ்வளவு எழுதியிருக்க முடியுமா? ஹாம்லெட்டையே எடுத்துக்குங்க. 1596ல ஒரு எழுத்தாளர், தியேட்டர்ல ஒரு பேய் வந்து "ஹாம்லெட், பழி வாங்கு"ன்னு சிப்பி விக்கிறவளாட்டம் கத்துதுன்னு எழுதி வச்சிருக்கார். இன்னைக்கு நாம படிக்கிற ஹாம்லெட்டுக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடி. ஆக அந்தக் கதை முதல்ல அந்தக் கொட்டகையில இருந்தது. அப்புறம் அவர் கையில ஏறி, நம்ம பம்மல் சம்பந்த முதலியார் கையில அமலாதித்யனாகி இங்க வந்தது.

கொட்டகை என்ன மாத்துச்சுன்னா, காசு வாங்குற நேரத்தை மாத்துச்சு. அதுக்கு முன்னாடி சத்திரத்து முற்றத்துலயும் சந்தையிலயும் ஆடி முடிச்சுட்டு, இல்ல நடுவுல நிறுத்திட்டு, கை நீட்டணும். கதவு வச்ச கட்டடத்துல உள்ள வர்றப்பவே ஒரு பென்னி. முற்றத்துல நின்னு பார்க்கலாம். மாடத்துல ஏறி உட்கார இன்னொரு பென்னி. மெத்தை போட்ட நல்ல இடம் வேணும்னா மூணாவது பென்னி. 1599ல வந்த தாமஸ் பிளாட்டர்ன்ற சுவிஸ்காரர் இதையெல்லாம் எழுதி வச்சிருக்கார். அன்னைக்கு வசூலை அன்னைக்கே பிரிப்பாங்க. வாசல் காசு ஆடறவங்களுக்கு, மாடத்துக் காசுல பாதி கட்டடத்துக்காரருக்கு.

தம்பி, இங்கதான் நீங்க கவனிக்க வேண்டியது இருக்கு. பிரிச்சு எடுத்துட்டுப் போனது வீரமான கதைதான். எனக்கு அதை விடப் பெருசாப் படறது அதுக்கு அடுத்த ரெண்டு மாசத்துல நடந்தது. புது இடத்துல கட்டப் பர்பேஜ் சகோதரர்கள் கையில காசு இல்லை. கூட ஆடறவங்களையே கூப்பிட்டாங்க. 1599 பிப்ரவரி 21ல நிலக் குத்தகை எழுதறப்போ பாதி சகோதரர்களுக்கு. மீதிப் பாதி அஞ்சு நடிகர்களுக்கு, ஆளுக்குப் பத்துல ஒரு பங்கு. ஷேக்ஸ்பியர், ஹெமிங்ஸ், பிலிப்ஸ், போப், அப்புறம் கோமாளி வேஷத்துல பேர் போன கெம்ப். கட்டியங்காரன் வேஷம் கட்டுறவருக்கும் கட்டடத்துல பத்துல ஒரு பங்கு! ஆடறவங்களே கட்டடத்துக்குச் சொந்தக்காரங்களானது அந்த ஊர்ல அதுவரைக்கும் கேள்விப்படாதது.

அதனாலதான் அந்தக் குழு கலையலை. மத்த குழுங்க பலதும் கொள்ளைநோய்க்குக் கதவடைச்சாலோ, கொட்டகைக்காரர் முறைச்சுக்கிட்டாலோ சிதறிப் போச்சு. இவங்க 1613 ஜூன் 29ல, பீரங்கி வெடிச்ச பொறி ஓலைக்கூரையில பத்தி குளோப் மொத்தமா எரிஞ்சப்பவும் சிதறலை. பங்குக்காரங்க எல்லாரும் காசு போட்டு அடுத்த வருஷமே ஓட்டுக்கூரையோட திரும்பக் கட்டினாங்க. அந்த நெருப்புல ஒருத்தர் கால்சட்டையில தீப்பிடிச்சு, கையில இருந்த பீரை ஊத்தி அணைச்சாங்களாம், வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஷேக்ஸ்பியர் போய் ஏழு வருஷம் கழிச்சு, 1623ல அவர் நாடகங்களைத் தொகுத்து அச்சுல கொண்டு வந்ததும் இதே பங்காளிகள்தான், ஹெமிங்ஸும், பின்னாடி பங்குல சேர்ந்த கான்டெலும். அவங்க மட்டும் போடலைன்னா மேக்பெத் நம்ம கைக்கு வந்தே இருக்காது.

காவேரிப்பட்டணம்_ஆசாரி:

டீச்சரம்மா, அருமைங்க. தச்சு வேலை பத்தி நான் கொஞ்சம் சொல்லலாமா?

ஒரு கட்டடத்தையே பிரிச்சு வேற இடத்துல நிறுத்தினாங்கன்னா படிக்கிறவங்களுக்கு நம்ப முடியாம இருக்கும். எங்களுக்கு அது ஆச்சரியம் இல்லைங்க. இரும்பு ஆணி அடிச்ச வேலைன்னா பிரிக்கிறப்போ மரம் பிளந்துடும். அந்தக் காலத்து இங்கிலாந்து வேலை பெரும்பாலும் ஓக் மரம், துளை போட்டுக் கழுந்து இறக்கி, குறுக்கால மர முளை அடிச்சு இறுக்கினது. முளையைப் பின்பக்கமாத் தட்டி வெளிய எடுத்தா கழுந்து தானா உருவிட்டு வரும். வேலையையும் முதல்ல பட்டறையில தரையில கிடத்திப் பொருத்திப் பார்த்துட்டு, ஒவ்வொரு இணைப்புலயும் உளியால அடையாளம் வெட்டிடுவாங்க. அப்புறம் பிரிச்சு, வண்டியில ஏத்தி, கட்டற இடத்துல அந்த அடையாளத்தைப் பார்த்துச் சேர்ப்பாங்க. ஆக அந்தத் தியேட்டர் ஒரு தடவை பிரிச்சுச் சேர்த்த கட்டடம்தான். பிரிக்கத் தெரிஞ்ச மேஸ்திரிக்கு அது புது வேலை இல்லை.

பெரிய பெரிய தூண், அதுவும் இருபது வருஷம் காஞ்ச ஓக். புதுசா வாங்கறதுன்னா காசு எங்க போகும்? அதான் சண்டை போட்டு எடுத்திருக்காங்க.

பென்னாகரம் தம்பி, உங்க வேப்பமரத் தூணும் வேங்கை உத்திரமும் பழைய வீட்டுலதுன்னா நிச்சயம் கழுந்து வேலையாத்தான் இருக்கும். போட்டோ போடுங்க. சிமெண்டுத் தரையில தூண் புதைஞ்சிருக்கா, இல்ல கல்லு மேல உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. கல்லு மேலன்னா கவலையே இல்லை. புதைஞ்சிருந்தா அடியில ஒரு முழம் அளவு போயிடும், மிச்சத்தை எடுத்துடலாம். எதை எடுத்தாலும் முதல்ல சாக்பீஸ்ல நம்பர் போட்டு, அப்புறம் உளியால வெட்டிடுங்க. சாக்பீஸ் மழைக்கு நிக்காது. கூப்பிட்டா நானே வர்றேன்.

பாலக்கோடு_பத்திரம்:

சார் பதிவாளர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதறவன். தம்பி எதையும் பிரிக்கறதுக்கு முன்னாடி இதைப் படிக்கணும்.

1882ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108, உட்பிரிவு எச். குத்தகைக்கு இருக்கிறவர் நிலத்துல தான் பொருத்தினதை எடுத்துக்கலாம், குத்தகைக் காலம் முடிஞ்ச பிறகும் எடுத்துக்கலாம். ஆனா ரெண்டு நிபந்தனை. இடம் இன்னும் உங்க அனுபவத்துல இருக்கணும். வாங்கினப்போ எப்படி இருந்ததோ அப்படி விட்டுக்கொடுக்கணும். சாவியைக் கொடுத்துட்டு வெளிய வந்துட்டா அப்புறம் உரிமை கிடையாது. அதனால பேசி முடியற வரைக்கும் பெட்டிங்களும் பூட்டும் அங்கயே இருக்கட்டும். வாடகையையும் நிறுத்தாதீங்க, பேங்க் வழியா அனுப்புங்க. வாங்க மறுத்தா மணியார்டர் பண்ணி ரசீதை வைங்க.

இது பத்திரத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும்தான். கட்டடம் நிலத்துக்காரருக்கேன்னு ஒரு வரி இருந்தா அந்த வரிதான் நிக்கும். அதனால உங்க காகிதத்தைப் பார்க்கணும். ஒரு வருஷத்துக்கு மேல குத்தகைன்னா பதிவு பண்ணியிருக்கணும், இல்லைன்னா அதை வச்சு ஷரத்தை நிரூபிக்க முடியாது. வீச்சரிவாளோட கிளம்பற வேலை மட்டும் வேண்டாம். அந்த லண்டன்காரங்க ஜெயிச்சாங்கன்றது சரி, ஆனா மூணு வருஷம் கோர்ட்டுப் படி ஏறியிருக்காங்க பாருங்க. பிரிக்கறதுக்கு முன்னாடி வக்கீல் நோட்டீஸ் ஒண்ணு கொடுத்துட்டுப் பிரிச்சா நல்லது.

பென்னாகரம்_அர்ச்சுனன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தூண் கல்லு மேலதான் உட்கார்ந்திருக்கு ஆசாரிண்ணா, போட்டோ அனுப்பறேன். காகிதம் 20 ரூபா ஸ்டாம்பு பேப்பர்ல எழுதினது, பதிவு பண்ணலை. கட்டடம் யாருக்குன்னு அதுல ஒண்ணுமே இல்லை. திங்கக்கிழமை பாலக்கோடு வந்து காட்டறேன் சார்.

டீச்சர் சொன்ன பங்கு விஷயத்தை நேத்து ராத்திரி செட்டுல பேசினோம். எங்க பெரியப்பா தன் நிலத்துல ஓரமா இடம் தர்றேன்னுட்டார். ஆனா பங்குன்னதும் பேச்சு சூடாயிடுச்சு. கொட்டகை போட்டப்போ காசும் மரமும் கொடுத்தது மூணு குடும்பம். அதுக்கப்புறம் வந்து சேர்ந்தவங்கதான் இப்ப அதிகம். மத்தளம் வாசிக்கிறவர், திரௌபதி கட்டுறவர் எல்லாம் பின்னாடி வந்தவங்க. எங்களுக்கும் எழுதுங்கன்றாங்க. பழைய ஆளுங்க முடியாதுன்றாங்க. குளோப்ல இதுக்கு என்ன பண்ணினாங்க டீச்சர்?

ஊத்தங்கரை_டீச்சர்:

தம்பி, நல்ல கேள்வி. ரெண்டு விஷயம் சொல்றேன், ரெண்டும் அவங்க பட்ட பாடு.

முதல்ல, தியேட்டர் கட்டின மச்சான் ஜான் பிரெய்ன். கடையை வித்து, வீட்டை வித்துப் போட்டவர். கூலி மிச்சமாகட்டும்னு அவரும் அவர் மனைவி மார்கரெட்டும் அந்தக் கட்டட வேலையில தாங்களே இறங்கி உழைச்சாங்கன்னு சாட்சியம் இருக்கு. ஆனா பங்கு இவ்வளவுன்னு பத்திரத்துல தெளிவா ஏறவே இல்லை. வசூல் பெட்டிக்குப் பர்பேஜ் ரகசியமா கள்ளச்சாவி செஞ்சு வச்சு எடுத்தார்னு பிரெய்ன் பக்கத்தார் கோர்ட்ல சொன்னாங்க. 1586ல பிரெய்ன் செத்துட்டார். 1590ல மார்கரெட் கோர்ட் உத்தரவோட தன் பங்கைக் கேட்டுக் கொட்டகை வாசலுக்குப் போனாங்க. ரிச்சர்ட் பர்பேஜ், பின்னாடி ஹாம்லெட் கட்டி உலகப் பேர் வாங்கினவர், விளக்குமாத்துக் கட்டையால அவங்க கூட வந்தவரை அடிச்சு விரட்டினார். மார்கரெட் 1593ல காலமாகற வரைக்கும் அந்தப் பங்கு கைக்கு வரலை. எனக்கு இந்தச் சரித்திரத்துல பர்பேஜ் குடும்பத்து மேல எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்த இடத்துல அவங்களை மன்னிக்க மனசு வரலை. அதனால யார் என்ன கொடுத்தாங்கன்றதை இப்பவே எழுதுங்க. காசு மட்டும் இல்ல, மரம், கூலி இல்லாத வேலை, அடகு வச்ச நகை எல்லாமே. வீட்டுப் பொம்பளைங்க பேர்லயும் எழுதுங்க.

ரெண்டாவது, பின்னாடி வந்தவங்க. கெம்ப் 1599லயே குழுவை விட்டுப் போனப்போ அவர் பங்கை மத்த நாலு பேர் பிரிச்சுக்கிட்டாங்க. அப்புறம் கான்டெல் மாதிரி புது ஆட்களையும் சேர்த்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் சரி. ஆனா பங்கு வாரிசுக்குப் போகும்னு இருந்ததால, வருஷம் போகப் போக மேடை ஏறாத விதவைங்க, மகன்கள் கையில பங்கு சேர்ந்துடுச்சு. ஆடறவங்க கையில குறைஞ்சுடுச்சு. 1635ல பென்ஃபீல்ட், ஸ்வான்ஸ்டன், பொல்லார்ட்னு மூணு நடிகர்கள், நாங்கதான் வேர்த்து ஆடறோம், எங்களுக்கும் பங்கு விலைக்குக் கொடுக்கச் சொல்லுங்கன்னு அரண்மனையில நாடகங்களுக்குப் பொறுப்பா இருந்த சேம்பர்லின் பிரபுகிட்ட மனு போட்டாங்க. கிழவனாயிருந்த கத்பர்ட் பர்பேஜ் பதில் மனு எழுதினார். எங்க அப்பாதான் முதல்ல கொட்டகை கட்டினவர், வட்டிக்கு நூத்துக்கணக்குல பவுண்டு வாங்கிக் கட்டினார், எங்க உழைப்பை எடுத்து இவங்களுக்குக் கொடுக்கறதான்னு. படிக்கறப்போ ரெண்டு பக்க நியாயமும் உறைக்கும். தீர்ப்பு நடிகர்கள் பக்கம் வந்தது. பங்கை அவங்களுக்கு விக்கச் சொல்லி உத்தரவு.

உங்க பழைய குடும்பங்கிட்ட இதைச் சொல்லுங்க. மூணு குடும்பம் போட்ட மரமும் காசும் கணக்குல ஏறட்டும், அதுக்குத் தனி மதிப்பு போட்டு, வர்ற தாம்பூலப் பணத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுத்துடலாம். பங்கு மட்டும் செட்டுல ஆடற வரைக்கும், வாசிக்கிற வரைக்கும்னு எழுதுங்க. விட்டுட்டுப் போறவங்களும், தவறிட்டவங்க குடும்பமும் பங்குக்குரிய காசை வாங்கிக்கட்டும், பங்கு செட்டுக்கே திரும்பட்டும். மத்தளத்துக்காரரும் திரௌபதி கட்டுறவரும் இன்னைக்கே உள்ள வரட்டும்.

பாலக்கோடு சார், இப்படி ஒரு சங்கமாப் பதிவு பண்ணினா நிலக் குத்தகையை அந்தச் சங்கத்து பேர்லயே எழுத முடியுமா? பெரியப்பா நிலம்னாலும் பத்திரம் வேணும்.

பாலக்கோடு_பத்திரம்:

முடியும் டீச்சர். சங்கமாப் பதிவு பண்ணிட்டா குத்தகையைச் சங்கத்து பேர்லயே எழுதலாம். ஏழு பேர் இருந்தாப் போதும். பெரியப்பாவோட பட்டா நகல், வில்லங்கச் சான்று, எல்லாரோட ஆதார் நகல் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கட்டடம் சங்கத்துக்கே சொந்தம், காலம் முடிஞ்சா பிரிச்சு எடுத்துக்கலாம்னு ஒரு ஷரத்து முதல் பக்கத்துலயே போட்டுடறேன்.